புளி போட்டுத் தேய்த்த வசந்தம்

அன்புள்ள அம்மா,

உன் முட்டிவலி தேவலையா? நான் சுகம்தான்.

எங்கள் கம்பெனி வாசலில் வெண்கலத்தில் ஒரு இளம்பெண் நிற்கிறாள், கூந்தலில் பூவும் தளிருமாக. பெயர் வசந்தமாம். உடம்பெல்லாம் பச்சை ஏறிக் கிடக்கிறாளே என்று, யுகாதிக்கு முந்தின நாள் நீ கொடுத்தனுப்பிய புளியைப் போட்டு, நம் வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று தேய்த்துவிட்டேன்.

“அந்தப் பச்சைதாம்மா அழகே! வேணும்னே பூசினது. யாரு உன்னைத் தேய்க்கச் சொன்னது?” என்று சூப்பர்வைசர் கிருஷ்ணப்பா கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது என்னைக் கக்கூஸ் கழுவ மாற்றிவிட்டார்கள். அவள் மேலுக்கு மருந்து பூச மும்பையிலிருந்து ஆள் வருகிறாராம். ஆசிட் பட்டு என் விரலெல்லாம் வெடித்துவிட்டது. இனி புளி வேண்டாம், கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொடுத்தனுப்பு.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் அஞ்சலை