விடுதிக்கு மார்க் போட்டார்கள்

பிப்ரவரி 1996, வியாழன் இரவு

கல்லூரி எப்படி நடக்கிறது என்று அளந்து பார்க்கும் குழு இன்று வந்து போனது. தேர்ச்சி, நூலகம், ஆய்வகம் எல்லாவற்றுக்கும் மார்க். விடுதியைச் சுற்றிக்காட்ட வார்டன் என்ற முறையில் நான் போனேன். முதல்வர் நேற்றே லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியை நிரப்பிவிட்டார். குழுத் தலைவர் குழாயைத் திறந்து பார்த்தார். பக்கத்தில் நின்ற விடுதி மாணவி முத்துமாரியிடம், “எப்பவும் இப்படி வருமா?” என்று கேட்டார்.

நரிக்குடிப் பக்கத்துப் பெண் அவள்.

“இன்னைக்கு மட்டுந்தான் சார் வருது. மத்த நாள்ல குடத்தைத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள போறோம்.”

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. விடுதிக்கு நல்ல மார்க்தான் கிடைத்தது.

ஆனாலும் சாயங்காலம் முதல்வர் கூப்பிட்டார். “அந்தப் பிள்ளைய நாளைக்கு விடுதியிலேர்ந்து அனுப்பிருங்க.”

“அவ சொன்னது உண்மைதானே சார்?”

“யாரு இல்லைன்னது? மார்க்கு போட வந்தவுககிட்டயா சொல்றது?”

அவள் ஊரிலிருந்து வரும் முதல் பஸ்ஸே இங்கே வந்துசேர மதியமாகிவிடும். விடுதி போனால் படிப்பும் போய்விடும். நான் இன்னும் தற்காலிக வேலையில்தான் இருக்கிறேன். ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் முத்துமாரி என் அறைக்கு வந்தாள். “மேடம், நாளைக்கு லேப் பரீட்சை இருக்கு. விடியக்காலம் எழுப்பி விடுறீகளா?”

எழுப்புகிறேன் என்றேன். எழுப்பிய பிறகு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.