ஒளித்து வைத்த ஒரு தப்பு

ஜூன் 3, திங்கள்

இன்றும் ஆறு மணிக்குச் சண்டை. வாலு பியானோ முன்னால் உட்கார்ந்து பத்து நிமிடம் நகம் கடித்தாள். ஐந்து நிமிடம் தண்ணீர் குடித்தாள். மூன்று நிமிடம் வாசித்தாள். மிச்சம் இரண்டு நிமிடம் அழுகை. இருபது நிமிடம் ஆச்சு என்று இறங்கி ஓடிவிட்டாள். கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஒன்பது வயது மகளுக்கு இவ்வளவு சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று இவரிடம் கேட்டேன். "என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்றார். அச்சகத்தில் காலை ஷிப்ட் முடித்து வந்து மத்தியானம் முழுக்கத் தூங்கும் மனிதருக்குச் சாயங்காலம் பேச்சு நன்றாகத்தான் வருகிறது.

வேண்டும் வேண்டும் என்று கேட்டவளே அவள்தான். யாரோ வாசித்துவிட்டு விற்ற மின் பியானோ. வந்த புதிதில் பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் அதன்மேல் போய் விழுவாள். வாசல் மணி, பின்னால் வரும் லாரியின் பீப் பீப், என் போன் அடிக்கும் சத்தம், எல்லாவற்றையும் ஒற்றை விரலால் தேடிக் கண்டுபிடிப்பாள். கடைசியாக எப்போது அப்படி வாசித்தாள்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

ஜூன் 5, புதன்

வகுப்பு முடிந்ததும் பியானோ மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "விரல் நல்லா வருது. ஆனா மனசு இங்க இல்ல. மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. பிடிக்கலன்னா நிறுத்திடலாம், அதுல ஒண்ணும் அவமானமில்ல. ரெண்டு பிள்ளைங்க இடத்துக்குக் காத்துக்கிட்டிருக்காங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவமானமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் அவமானமாக இருந்தது.

உண்மையைச் சொன்னால், பியானோ போனால் போகட்டும். ஆசைப்பட்ட ஒன்றை இவள் வெறுக்கும்படி நான் செய்துவிட்டேனோ என்பதுதான் உறுத்துகிறது.

ஜூன் 6, வியாழன்

ஒரு யோசனை. பயிற்சியை விளையாட்டாக மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாற்றிவிடுகிறேன்.

என் வேலையே அதுதானே. ஃபேன் தொழிற்சாலையில், சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, ஓடுகிற ஒவ்வொரு ஃபேனையும் பத்து விநாடி காது கொடுத்துக் கேட்கிறேன். சத்தம் சுத்தமாக இருந்தால் பச்சைப் பொட்டு. பேரிங் முனகினால் சிவப்புப் பொட்டு. ஒரு நாளைக்கு நானூறு ஃபேன், பதினொரு வருடம்.

மீந்துபோன பொட்டுத் தாள்களைக் கேட்டு வாங்கி வந்தேன். சரியாக வாசித்த வரிக்குப் பச்சை, தடுக்கிய இடத்தில் சிவப்பு. பத்துப் பச்சை சேர்ந்தால் அவள் கேட்டது கிடைக்கும். வாலுவுக்கும் குஷி. "நெஜமாவா? என்ன கேட்டாலுமா?" என்று மூன்று முறை கேட்டாள்.

ஜூன் 8, சனி

சிவப்பு பதினேழு. பச்சை இரண்டு.

அந்த இரண்டும்கூட இவர் எனக்குத் தெரியாமல் ஒட்டியவை.

ஜூன் 10, திங்கள்

வேலையில் மூக்கறுபட்டு வந்திருக்கிறேன். சூப்பர்வைசர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே வில்லங்கம்தான்.

"நீங்க போன வாரம் தள்ளினதுல நாப்பது ஃபேனைப் பிரிச்சுப் பார்த்தாங்கம்மா. முப்பத்தஞ்சுல ஒண்ணுமே இல்ல."

"எனக்குக் கேட்டுச்சு சார்."

"கேட்டிருக்கும். தப்பைத் தேடிக்கிட்டே உக்காந்தா எல்லாத்துலயும் கேக்கத்தான் செய்யும். கெட்டதை விடறது மட்டும் தப்பில்ல, நல்லதைத் தள்றதும் தப்புதான்."

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் தன் காதை என் காதோடு வைத்துப் பார்க்கட்டுமே!

வீட்டுக்கு வந்தால் வாலு பாட்டுப் புத்தகத்தை விரித்து அப்பாவிடம் காட்டிக்கொண்டிருக்கிறாள். "பாருங்கப்பா, புத்தகத்துக்கு அம்மை போட்டிருக்கு." இரண்டு பேருக்கும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஒரு ஒப்பந்தம். "நீ பக்கத்துல உக்காந்தா கை நடுங்குதும்மா. கதவைச் சாத்திக்கறேன். நீ சமையல்கட்டுலருந்து கேளு." சரி என்றேன். என் காதுக்குக் கதவெல்லாம் ஒரு தடையா என்ன.

ஜூன் 13, வியாழன்

இருபது நிமிடம். அழுகை இல்லை, தண்ணீர் இல்லை. நடுவே சின்னச் சின்னத் தடுக்கல்தான்.

ஜூன் 15, சனி

இன்றும்! வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன். ஒருமுறை இரண்டாவது வரியில் தடுக்கினாள், அடுத்த முறை அது சரியாக வந்து நாலாவது வரியில் தடுக்கினாள். முன்னேற்றம் என்றால் இதுதானே? கதவைச் சாத்தியதில்தான் சூட்சுமம் இருந்திருக்கிறது. கூட வேலை செய்கிறவளிடம் வரப்போகும் திங்களன்று பெருமையடிக்கப் போகிறேன். அவள் மகன் கிட்டாரைத் துணி காயப்போட வைத்திருக்கிறான்.

ஜூன் 18, செவ்வாய்

கோபம் இன்னும் போகவில்லை. எழுதினால் அடங்கும்.

ஆறு மணி. சமையல்கட்டில் இருந்தேன். இரண்டாவது வரி, தடுக்கல், அரை மூச்சு நேரம் நிறுத்தம், பிறகு ஓட்டம். அடுத்தது நாலாவது வரி. அதற்கடுத்தது கடைசி வரியில் ஒரு கட்டை தள்ளி. மறுபடி இரண்டாவது வரி. அதே தடுக்கல், அதே அரை மூச்சு. மறுபடி நாலாவது வரி...

கத்தியைக் கீழே வைத்தேன். மனுஷி ஒரு தப்பை இரண்டு தரம் ஒரே மாதிரி பண்ண மாட்டாள். மெஷின்தான் பண்ணும்.

கதவைத் திறந்தேன். பியானோ வாசித்துக்கொண்டிருந்தது. முன்னால் நாற்காலி காலி. வாலு தரையில் குப்புறப் படுத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள். பாட்டு முடிந்ததும் தலையைக்கூடத் தூக்காமல் அடிஸ்கேலை மேலே நீட்டிப் பியானோவின் பொத்தானை அமுக்கினாள். அடுத்த பதிவு ஓடத் தொடங்கியது.

ஆறு நாள்! ஆறு நாளாக அந்தப் பெட்டி வாசித்ததைக் கேட்டு நான் பூரித்துப்போயிருக்கிறேன்.

கத்தினேன். கை ஓங்கிவிட்டேன், அடிக்கவில்லை. ஓங்கினேன், அது போதாதா? "யாரை ஏமாத்தற? சொல்லுடி, யாரை ஏமாத்தற?"

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்று சொன்னாள்: "நீ தப்பை மட்டும்தானே கேப்ப! தப்பே இல்லன்னா நீ நம்ப மாட்டியேன்னுதான் தப்பு வெச்சுப் பதிஞ்சேன்!"

ஓங்கிய கையை இறக்கினேன்.

இவர் எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஊர் ஃபேன் சத்தத்தையெல்லாம் கேக்கற காதுல பூ சுத்திட்டாளே" என்றார். நான் பார்த்த பார்வையில் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 19, புதன்

பியானோ மூடியே கிடக்கிறது. வகுப்புக்கும் போகவில்லை. வாலுவுக்கு வயிற்று வலியாம். எனக்கும்தான் வலிக்கிறது, கேட்க ஆளில்லை.

சிவப்புப் பொட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தேன். சில இடங்களில் தாளே கிழிந்து வந்துவிட்டது.

ஜூன் 20, வியாழன்

நேற்று முழுக்க அவள் சொன்னதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இன்று வேலையில் ஒரு ஃபேனை நாற்பது விநாடி கேட்டேன். கேட்கக் கேட்க முனகுவது போலிருந்தது. சூப்பர்வைசரை நினைத்துக்கொண்டு பச்சை ஒட்டினேன்.

சாயங்காலம் வாலு தலை பின்னிக்கொள்ள முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் பின்னல் வேண்டுமே. முகம் தெரியாமல் பேசுவது இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்தது.

"கை ஓங்கினது தப்பு. இனிமே மாட்டேன்" என்றேன்.

"ம்."

"அந்த மூணு பதிவையும் எப்பப் பண்ணின?"

"நீ வர்றதுக்கு முன்னாடி. அப்பா தூங்கும்போது."

"ஒரே தடவைல வந்துச்சா?"

"எங்க வந்துச்சு! பதினோரு தடவை. தப்பு நிஜம் மாதிரி இருக்கணும்ல? ஒரு தடவை வேற இடத்துல தானா தப்பு வந்துடுச்சு, அழிச்சுட்டேன். இன்னொரு தடவை தப்பு வைக்கவே மறந்துட்டேன், முழுசும் சரியாப் போயிடுச்சு. அதையும் அழிச்சுட்டேன்."

பின்னுவதை நிறுத்திவிட்டேன். முழுதும் சரியாக வந்த ஒன்றை அழித்திருக்கிறாள், அம்மா நம்ப மாட்டாள் என்று. யாரும் சொல்லாமல், பொட்டு இல்லாமல், அழாமல் ஒரே பாட்டைப் பதினொரு தடவை வாசித்திருக்கிறாள்.

"கஷ்டமா இருந்துச்சா?"

கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. ஜாலியா இருந்துச்சு." உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜூன் 21, வெள்ளி

நானே போய்க் கேட்டேன். "வாலு, என்னை இன்னொரு தரம் ஏமாத்த முடியுமா?"

நம்பாமல் பார்த்தாள். விளக்கினேன்: பாட்டு முழுக்கச் சரியாக இருக்க வேண்டும், ஒரே ஒரு தப்பை மட்டும் எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டும். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்பேன். கண்டுபிடித்தால் அவள் பாத்திரம் கழுவ வேண்டும். முடியாவிட்டால் நான்.

"தானா வர்ற தப்பு?"

"அது ஆட்டத்துல சேராது. மறுபடி முதல்லருந்து வாசிக்கலாம்."

"நடுவுல பெருமூச்சு விடக்கூடாது."

"விட மாட்டேன்."

"தோளைத் தூக்கக்கூடாது."

நான் தோளைத் தூக்குவேனா? இவரைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

முதல் ஆட்டம் அரை நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது வரியில் தட்டென்று ஒரு கட்டை. சிரித்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். சமையல்கட்டு முழுக்கத் தண்ணீர்.

ஜூன் 23, ஞாயிறு

கள்ளி, தப்பை இடது கைக்கு மாற்றிவிட்டாள்.

ஜூன் 25, செவ்வாய்

தோற்றேன். மூன்றாவது வரியில்தான் என்று அடித்துச் சொன்னேன்.

"அது சரியாத்தான்மா வாசிச்சேன்! அங்க சத்தத்தைக் குறைக்கணும்னு மிஸ் சொன்னாங்க, குறைச்சேன்." நிஜத் தப்பு கடைசியில் இருந்ததாம், ஒரு சுரத்தை அரை எண்ணிக்கை முன்பே விட்டுவிட்டாளாம். வாசித்துக் காட்டிய பிறகுதான் எனக்கே கேட்டது.

நல்லதைத் தள்ளியிருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது சூப்பர்வைசர் ஞாபகம் வந்தது. மனிதரைச் சும்மா திட்டிவிட்டேன்.

ஜூன் 26, புதன்

பியானோ மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், பதிவு நாடகம் உட்பட. விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, "ஆனா வேணும்னே தப்பா வாசிச்சா கை அதுக்கே பழகிடும். ஒவ்வொரு ஆட்டமும் முடிஞ்சதும் ஒரு தடவை சரியா வாசிச்சு முடிக்கச் சொல்லுங்க" என்றார்.

மாசக் கடைசி பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "அவகிட்டயே கேளுங்க. திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க, போதும்."

ஜூன் 30, ஞாயிறு

கேட்டுவிட்டேன். வேண்டாம் என்றால் திட்ட மாட்டேன், பியானோவை விற்க மாட்டேன், முகத்தையும் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன் என்று முன்கூட்டியே சத்தியம் செய்தேன்.

"தெரியலம்மா. உன்னை ஏமாத்தறது பிடிக்குது. பியானோ பிடிக்குதான்னு தெரியல. நாளைக்குச் சொல்றேன்."

நியாயமான பதில். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. விளையாட்டு என்பது அம்மாவுக்காக விளையாடுவதாக மட்டும் இருந்தால், அதுவும் இன்னொரு பொட்டுத் தாள்தானே?

ஜூலை 1, திங்கள்

ஃபேன்கள் வரும் பெல்ட் அறுந்துவிட்டது. மூன்றரைக்கே அனுப்பிவிட்டார்கள். நாலு மணிக்கு மாடி ஏறும்போதே பியானோ கேட்டது.

ஆறு மணி இல்லை. யாரும் வாசி என்று சொல்லவில்லை. முதலில் புத்தி எங்கே போயிற்று? பதிவுதான் ஓடுகிறது என்று. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றேன்.

மூன்றாவது வரி, நிறுத்தம். மறுபடி மூன்றாவது வரி, நிறுத்தம். பிறகு வாலுவின் குரல், தனக்குத்தானே: "ச்சே, இது தெரியுது. அம்மா உடனே பிடிச்சிடுவா." மறுபடி வாசிப்பு. நடுவே, எதற்கென்றே தெரியாமல், பின்னால் வரும் லாரியின் பீப் பீப். ஒற்றை விரலால் இல்லை, இரண்டு கையாலும். அவளே சிரித்துக்கொண்டாள். பிறகு பாட்டுக்குத் திரும்பினாள்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதவைத் திறந்து அப்படியே தூக்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சாவியைத் துளையில் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. இன்னும் ஒரு நிமிடம் இங்கே நின்றால் தப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆறு மணி ஆட்டம் கெட்டுப்போகும்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கினேன். கடைசிப் படியில் உட்கார்ந்தால் அங்கேயும் கேட்கிறது, பாழாய்ப்போன காது. வெளியே போய், லாரிகள் போகிற ரோட்டோரம் மதில்மேல் உட்கார்ந்தேன்.

கீழ் வீட்டு நர்ஸ் டூட்டி முடிந்து வந்தார். "என்னங்க, சாவியைத் தொலைச்சிட்டீங்களா?"

"இல்லயே, கையிலதான் இருக்கு."

ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அங்கிருந்தே பியானோ மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். "எங்க இடத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க மிஸ்."

"அப்ப சொல்லிட்டாளா?"

"இன்னும் சொல்லல. வாசிச்சுக்கிட்டிருக்கா."

ஐந்து மணி வரை மதில்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு, சுவரைப் பார்த்துக்கொண்டு, தோளைத் தூக்காமல் முழுப் பாட்டையும் கேட்டேன். எவ்வளவு முயன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைய பாத்திரம் மொத்தமும் நான்தான் கழுவினேன்.