படத்தில் தெரியாத உடைவு

சண்டைக்கும் சமாதானத்துக்கும் நான் கூப்பிட்ட ஒரே அத்தைக்கு,

உங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த மருமகள் என்று என்னை நீங்கள் பாராட்டியதைவிடக் கேலி செய்ததுதான் அதிகம். இந்தக் கடிதத்தை யாராவது சத்தமாக வாசித்தால்தான் உங்கள் காதில் விழும். விழட்டும். கூடவே நாலு பேர் காதிலும் விழட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. மழை இன்னும் விட்டபாடில்லை. நேற்று உடப்புசல்லாவையிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நான் பால் கலக்காத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகன் பழைய கதையை எடுத்தார். "எங்கம்மா புடிவாதக்காரிங்க. ஆஸ்பத்திரியில போட்ட மாவுக்கட்ட தானே வெட்டிப்புட்டு கையக் கெடுத்துக்கிட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்போடு சிரித்ததுதான். நான் அடுத்த கோப்பையை நிரப்பினேன். அந்தக் கதை பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு நம் வரிசைவீட்டு லயமே காத்துக்கிடந்த காலம் அது. தேயிலைக் கொழுந்து பொங்கி வந்த மாதம். ஆறாம் நம்பர் மலையிலிருந்து நிறை கூடையோடு இறங்கிய நீங்கள், தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தீர்கள். வலது கையை ஊன்றித்தான் விழுந்தீர்கள். கூடையில் இருந்த கொழுந்து ஒரு இலைகூடக் கொட்டவில்லை என்று அதையே இரண்டு நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

தோட்டத்து மருந்துக் காம்பராவில் டிஸ்பென்சர் ஐயா உங்கள் கையைப் புரட்டிப் பார்த்தார். "எங்க, கொழுந்து கிள்ளிக் காட்டு" என்றார். நீங்கள் வெறும் காற்றில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் காட்டினீர்கள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாலும் விரல் பிசகவில்லை. முப்பது வருஷப் பழக்கம், அந்த விரல்களுக்கு உங்களைக் கேட்கத் தேவையே இல்லை. "கிள்ள முடியுதுல்ல? அப்ப ஒடையல, சுளுக்குதான்" என்றார். "இல்லைங்கய்யா, உள்ள ஒடஞ்சிருக்கு" என்று நீங்கள் சொன்னதைக் கேட்காமல் தைலம் கொடுத்து அனுப்பிவிட்டார். நம் ஊரில் கைக்கு அதுதானே பரீட்சை. கிள்ளினால் நல்ல கை, கிள்ளாவிட்டால் கெட்ட கை.

நாலாம் நாள் நீங்களே போய் நின்று சண்டை போட்டு, டவுன் ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு வாங்கி வந்தீர்கள். துணைக்கு நான். வளைந்து வளைந்து போன பஸ்ஸில் எனக்கு வாந்தி. உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு நல்ல கையால் என் தலையைப் பிடித்தது நீங்கள்தான். "யாருடி இங்க நோயாளி?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தீர்கள்.

எக்ஸ்ரே அறை நினைவிருக்கிறதா அத்தை? சன்னலெல்லாம் கறுப்புத் துணி. நடுவில் ஒரு மேசை, மேலே இரும்புக் கழுத்து நீட்டிய இயந்திரம். படம் எடுக்கிறவர் யாழ்ப்பாணத்து ஐயா, மெலிந்த மனுஷன். உங்கள் கையைத் தகட்டின்மேல் குப்புற வைத்தார். பிறகு பக்கவாட்டில் நிறுத்தினார். மூன்றாவதாகக் கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தபோதுதான் "ஐயோ சாமி" என்றீர்கள். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா. இப்பிடிச் சரிச்சால்தான் பெருவிரலுக்குக் கீழ இருக்கிற சின்ன எலும்பு மறைவில்லாமல் தெரியும்" என்றார். என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே ஏதோ உறுமியது. நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

ஈரம் சொட்டச் சொட்ட அவர் அந்தப் படத்தை வெளியே எடுத்துவந்து நடையின் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உயிரோடு என் பக்கத்தில் நிற்கிற மனுஷியின் எலும்பு! உங்கள் கையில் பச்சை குத்தியிருந்த தேள் அதில் இல்லை. விரல் நுனியில் ஏறிய கொழுந்துக் கறை இல்லை, தோல் சுருக்கம் இல்லை. மணிக்கட்டுக்குள் எட்டுச் சின்ன எலும்புகள், ஆற்றுக் கூழாங்கல் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இத்தனை காலம் கூடை கூடையாகக் கொழுந்தை எடுத்தது இதுவா? கடவுள் ஒளித்து வைத்ததைப் பார்க்க நமக்கு அனுமதி உண்டா என்று நான் ஒரு அடி பின்வாங்கினேன். நீங்களோ, "எனக்கு உள்ள இவ்வளவு வெள்ளையா?" என்று கேட்டு அந்த மனுஷனைச் சிரிக்க வைத்துவிட்டீர்கள்.

டாக்டர் ஐயா படத்தைப் பார்த்தார். பிறகு உங்கள் பெருவிரலின் அடியில் இருக்கும் குழியில் தன் விரலை வைத்து அமுக்கினார். நீங்கள் துடித்துப் போனீர்கள். அவர் சிங்களத்தில் சொன்னதை எக்ஸ்ரே ஐயா நமக்குச் சொன்னார். "இண்டைக்குப் படத்தில முறிவு ஒண்டும் தெரியேல்லை. ஆனால் அமத்தின இடத்தில நோவு இருக்கு. ரெண்டு கிழமை கட்டோட இருக்கட்டும். கழட்டக் கூடாது. பிறகு வந்து திரும்பப் படம் எடுக்க வேணும்."

அத்தனையும் என் காதில் விழுந்தது. மனசில் தங்கியது முதல் வாக்கியம் மட்டும்தான்.

பெருவிரலையும் சேர்த்து முழங்கைக்குக் கீழே வரை மாவுக்கட்டு. நீங்கள் வீட்டில். விறகு, பீலிக் குழாய்த் தண்ணீர், சமையல், கைக்குழந்தை, மலை, எல்லாம் என் தலையில். கொழுந்து நிரையில் என் பக்கத்தில் நின்றவர்கள் சும்மா இருந்தார்களா? "மாமியாளுக்கு மாவுக்கட்டு, மருமகளுக்கு ரெட்டை வேலை" என்று பாடாத குறை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "படத்துல ஒண்ணுமில்லையாமே? பொறகு என்னத்துக்கு அந்தக் கெழவி குந்திக்கிட்டு இருக்கு?" எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

ஆறாம் நாள் சாயந்தரம் வெந்நீர் வைத்து உங்கள் கட்டை ஊறப் போட்டேன். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன். "வேணாம்டி, உள்ள வலிக்குது" என்றீர்கள். "எலும்பு வரைக்கும் பாத்துட்டாங்க அத்த. படம் பொய் சொல்லுமா?" என்றேன். நீங்கள் என்னையே பார்த்தீர்கள். "படத்துக்கு வலிக்குமா? எனக்குல்ல வலிக்குது" என்றீர்கள். அதற்குப் பிறகு கையை நீட்டிவிட்டீர்கள். எதற்கு நீட்டினீர்கள் அத்தை? ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா?

மறுநாள் பெரட்டுக்கு வந்தீர்கள். எட்டு நாள் மலை ஏறினீர்கள். இடது கையால் கிள்ளி, வலது கையைச் சும்மா செடிமேல் வைத்துக்கொண்டு. நான் பார்த்தும் பார்க்காதவள் போல என் நிரையில் போய்க்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமை முடிந்த அன்று காலையில், யாரும் சொல்லாமலே, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றீர்கள். "அந்த ஐயா திரும்ப வரச் சொன்னாரு. நான் போறேன். நீ வந்தா வா."

இரண்டாவது படத்தையும் முதல் படத்தையும் எக்ஸ்ரே ஐயா அதே சன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். பெருவிரல் பக்கத்துச் சின்ன எலும்பின் இடுப்பில், தலைமயிர் கிடப்பது போல ஒரு கறுப்புக் கோடு. முதல் படத்தில் அது இல்லவே இல்லை. "முறிஞ்ச உடன ரெண்டு துண்டும் நெருங்கிக் கிடக்கும், வெளிச்சத்துக்குப் பிடிபடாது. நாள் போகப் போக முறிஞ்ச விளிம்பு கரையும். அப்பதான் கோடு தெரியும். இதுக்குத்தான் ரெண்டு கிழமை எண்டனாங்கள்" என்றார்.

சுவரையும் சதையையும் ஊடுருவுகிற ஒளிக்குத் தெரியாதது, எழுத்துத் தெரியாத உங்களுக்கு விழுந்த நிமிஷத்திலேயே தெரிந்திருந்தது. எலும்பு தன் காயத்தைக் காட்ட இரண்டு கிழமைக்கு மேல் எடுத்துக்கொண்டது. நீங்கள் முதல் நாளே வாய்விட்டுச் சொன்னீர்கள். நான்தான் படத்தைக் கும்பிட்டுவிட்டு உங்களை நம்பாமல் போனேன்.

டாக்டர் ஐயாவுக்கு வந்ததே கோபம்! கட்டு எங்கே, யார் கழற்றியது என்று மேசையில் தட்டிக் கேட்டார். நீங்கள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நாந்தாங்கய்யா வெட்டுனேன். அரிப்பு தாங்கல" என்றீர்கள்.

அவர் திட்டினார். எக்ஸ்ரே ஐயா அதைப் பாதியாகக் குறைத்து மொழிபெயர்த்தார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகன் அதையும் சேர்த்துத் திட்டினார். மறுபடி கட்டு, மூன்று மாதம். எலும்பு அரையும் குறையுமாகத்தான் பிடித்தது. தோட்டத்திலேயே வேகமான கை, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில் தொட்டில் ஆட்டப் போனது. குழந்தையைத் தூக்கும்போது உங்கள் முகம் ஒரு பக்கம் கோணுவதை நான் தினமும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நாம் ஆறு வருஷம் ஒரே காம்பராவில் இருந்தோம். எத்தனை சண்டை! உப்புக்கு, விறகுக்கு, பிள்ளை அழுததற்கு. என் பிறந்த வீட்டையே இழுத்து வைத்துப் பேசியிருக்கிறீர்கள். நானும் விட்டுவைத்ததில்லை. ஆனால் அந்த ஒரு பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை. ஒரே வார்த்தையில் என்னை அடக்கியிருக்கலாமே? சாகக் கிடந்த காய்ச்சலில்கூட ஏதேதோ பிதற்றினீர்கள், அது மட்டும் வாயில் வரவில்லை. எலும்பைப் படம் பிடிக்கிற இயந்திரத்தைப் பார்த்து அன்றைக்கு அப்படி வியந்தேன். இப்போது நினைத்தால் அதெல்லாம் சின்ன அதிசயம். உங்கள் நெஞ்சை எந்தப் படத்தில் பார்ப்பது?

காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கும்போது இப்போதெல்லாம் என் கண் எல்லோர் கையிலும்தான் போகிறது. ஈரக் கம்பளிக்குள், கூடைக் கயிற்றுக்குக் கீழே, ஒவ்வொரு மணிக்கட்டிலும் அந்த எட்டுக் கூழாங்கல். போன கிழமை நம் பக்கத்து லயத்துப் புதுப்பெண் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். கங்காணி "கிள்ளிக் காட்டு" என்றார். நான் நடுவில் போய் நின்றேன். "கிள்ளுறது வேற, ஒடையறது வேற. ஆஸ்பத்திரிக்குத் துண்டு குடுங்க" என்றேன். மாவுக்கட்டோடு இருக்கிறாள். முதல் படத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது படத்துக்கு நானே கூட்டிப் போகிறேன். அதில் கோடு தெரியாமலே போகலாம். தெரியாவிட்டால் நல்லதுதானே?

ஆனால் அது உங்கள் பேரில் விழுந்த பழியைத் துடைக்காது. அதனால் ஒன்று சத்தியம் செய்கிறேன் அத்தை. இன்று உங்கள் மகன் வேலை முடிந்து வந்து கைகால் கழுவியதும் அவரிடம் சொல்வேன். என்ன செய்வாரோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. திட்டினால் வாங்கிக்கொள்வேன், எனக்கு வரவேண்டியதைத்தானே நீங்கள் இத்தனை வருஷம் வாங்கினீர்கள். பதினாறாம் நாள் சனம் கூடும்போது அந்தக் கதையை அவர் தொடங்கமாட்டார். நான் தொடங்குவேன். "அவங்க வெட்டலைங்க. கை ஒடஞ்சிருக்குன்னு அவங்க சொன்னாங்க, நான் நம்பல" என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன்.

கத்தியைப் பிடித்த உங்கள் மருமகள்,
செல்லம்மா