அப்பாவின் முதுகும் மெத்தை ஐயாவின் இரட்டைக் குழலும்

ஜூன் 29, 1997

சகல லோகத்தாருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: ருஃபிஜி ஆற்றங்கரையில் உள்ள நமது வேட்டை முகாமின் விருந்தாளிக் கழிப்பறைக்கு இன்று பிற்பகல் கதவு மாட்டப்பட்டது. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் அதைத் திறக்க விடாது. எனவே தாழ்ப்பாள் வீண்செலவு என்று சமையல்காரர் அதுமானி மாமா தீர்ப்பளித்தார். விழாவில் கலந்துகொண்டோர்: நான், மாமா, ஒரு பல்லி.

இதை எழுதுவது ஃபரஜி, வயது பதினாறு. இந்த முகாமில் தடம் பார்ப்பவர்களுக்கெல்லாம் தலைவரான செலெமானியின் ஒரே மகன். பள்ளி விடுமுறைக்குத் தட்டு கழுவ வந்திருக்கிறேன். போன வாரம் மாமா உகாலிக் களி கிண்டும் துடுப்பின் காம்பில் சோப்பு தடவியது யார் என்று இன்னும் விசாரணை நடக்கிறது. விசாரணைக் குழுவில் நானும் இருக்கிறேன்.

பள்ளி திறந்ததும் இந்த நோட்டை வகுப்பில் உரக்க வாசிக்கப் போகிறேன். வருங்காலச் சந்ததியினர் நிமிர்ந்து உட்காரவும்.

ஜூன் 30

விருந்தாளி வந்தார். இல்லை, முதலில் வந்தது அவருடைய துப்பாக்கி. குட்டி விமானத்தில் ஒரு தோல் பெட்டிக்குத் தனி இருக்கை, தனி பெல்ட். அதன் சொந்தக்காரர் பின்னால் முட்டைக்கோஸ் மூட்டைகளோடு ஒடுங்கி வந்தார். பெயர் ஹூபெர்ட். பெல்ஜியத்தில் மெத்தை ஆலை வைத்திருக்கிறாராம்.

"ஊரையெல்லாம் தூங்க வைக்கிற மனுசன், இங்க ஒரு எருமைய ஒரேயடியா தூங்க வைக்க வந்திருக்காரு" என்றார் அதுமானி மாமா. அந்த நிமிடமே அவர் மெத்தை ஐயா ஆகிவிட்டார்.

பெட்டியைத் திறந்து காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழல்கள், அவற்றுக்கு இரண்டு விசைகள். நடுவில் மடக்கினால் திறந்துகொள்கிறது, குழலுக்கொன்றாக இரண்டு தோட்டாக்களைப் போட்டு மூட வேண்டியதுதான். யானையையும் எருமையையும் எதிரில் நின்று சுடுவதற்காகவே செய்தது. இரும்பெல்லாம் செதுக்கல்: யானை, சிங்கம், அவருடைய பெயர். தோட்டா ஒவ்வொன்றும் ஒரு சின்ன வாழைப்பழம். 'குண்டு' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? குண்டிலேயே குண்டு இதுதான். கூடவே ஒரு சின்னத் துப்பாக்கியும் கொண்டு வந்திருக்கிறார், அதற்கு இவ்வளவு மரியாதை இல்லை.

எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறார். "நான் சுடுவேன். எருமை விழும். எல்லோரும் உண்பது." வினைச்சொற்களுக்கும் அவருக்கும் ஏதோ பழைய பகை.

ஜூலை 1

இன்று குறி பார்க்கும் நாள். வந்த விருந்தாளி முதலில் காகிதத்தைச் சுட்டுக் காட்ட வேண்டும், அப்புறம்தான் மிருகம். வேட்டைக்கு அழைத்துப் போகும் ஸ்டாவ்ரோ ஐயா கரையான் புற்றில் காகிதத்தைக் குத்தி வைத்தார். ஸ்டாவ்ரோ ஐயா பேருக்குத்தான் கிரேக்கர். பிறந்தது இங்கே, திட்டுவதெல்லாம் எங்கள் மொழியில்.

மெத்தை ஐயா துப்பாக்கியைத் தூக்கினார். நான் குழலைப் பார்க்கவில்லை, அவர் கண்ணைப் பார்த்தேன். விசையை அழுத்துவதற்கு முன்பே இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. இடி விழுந்தது. தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் தரை வெடித்தது. இரண்டாவது குண்டுக்கு ஒரு மரக்கிளை மேலேயிருந்து விழுந்தது. பாவம், அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

"விமானத்துல குலுங்கியிருக்கும்" என்றார் ஸ்டாவ்ரோ ஐயா.

"ஆமா, குலுங்கியிருக்கும்" என்று நாங்கள் எல்லோரும் கோரஸ் பாடினோம்.

குறி தப்பியது என்று விருந்தாளியிடம் சொல்வது இந்த முகாமில் வழக்கமில்லை. காகிதத்தை எடுத்து வரப் போகிறவன் ஆகவேண்டியதைச் செய்துவிடுவான். ஓரத்தில் விரலால் ஒரு ஓட்டை, அடக்கமாக. விருந்தாளிக்கு மனம் நோகாது, தலைக்கனமும் ஏறாது. இன்று போனவன் நான்.

தோட்டா தடிமன் எவ்வளவோ அவ்வளவு என் கட்டைவிரல். இவ்வளவு பொருத்தம் அமைந்த பிறகு அடக்கம் எதற்கு? நட்டநடுவில் இரண்டு ஓட்டை, இரட்டைக் குழந்தைகள் மாதிரி ஒட்டி ஒட்டி.

அதுவரை தோளைப் பிடித்துக்கொண்டு "நாளை சின்னத் துப்பாக்கி, ஒருவேளை" என்று முனகிக்கொண்டிருந்த மனிதர் காகிதத்தை முத்தமிட்டார். "இரண்டு குழல்! ஒரே இடம்!"

ஸ்டாவ்ரோ ஐயா காகிதத்தைப் பார்த்தார். என் கட்டைவிரலைப் பார்த்தார். எதையோ விழுங்கிவிட்டு "பிரமாதம்" என்றார்.

ஜூலை 2

காகிதம் சாப்பாட்டுக் கூடாரத்தில் தொங்குகிறது. சின்னத் துப்பாக்கி பெட்டிக்குள் போய்விட்டது. என் கட்டைவிரலுக்குச் சிலை வைக்கலாம்.

ஜூலை 3

தண்ணீர் தூக்கிக்கொண்டு நானும் காட்டுக்குப் போனேன். முன்னால் அப்பா, தரையைப் பார்த்தபடி. அவருக்குப் பின்னால் மெத்தை ஐயா. அப்புறம் ஸ்டாவ்ரோ ஐயா, கடைசியில் நான்.

மெத்தை ஐயா துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக் குழல் நுனியைக் கையில் பிடித்திருந்தார். கட்டை பின்னால், குழல் முன்னால். பழைய வேட்டைக்காரர்களின் புகைப்படங்களில் இப்படித்தான் இருக்குமாம். புகைப்படத்தில் முன்னால் நடப்பவன் வந்திருக்க மாட்டான் போலிருக்கிறது. அப்பா தடம் பார்க்கக் குனிந்தால் அந்த இரண்டு ஓட்டைகளும் அவர் முதுகைப் பார்க்கின்றன. நிமிர்ந்தால் பிடரியைப் பார்க்கின்றன. மெத்தை ஐயா வேரில் தடுக்கினால் இரண்டையும் பார்க்கின்றன. அவர் நிறையத் தடுக்குகிறார்.

சாயங்காலம் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த ரெண்டு ஓட்டையும் உங்க முதுகையே பாத்துட்டு வருதே?"

"பாக்கட்டும். என் முதுகுல என்ன, சினிமாவா ஓடுது?"

"உள்ள தோட்டா இருக்குப்பா."

"எல்லா விருந்தாளியும் அப்படித்தான்டா தூக்குவாங்க. பழகிப்போச்சு. நீ போய் தட்டக் கழுவு."

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா இப்படித்தான் நடக்கிறார். இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஜூலை 4

இன்று தண்ணீர் குடிக்க நின்றபோது அப்பா திரும்பிப் பார்த்திருக்கிறார். விசை தவறி அழுந்தாமல் தடுக்கும் பூட்டு திறந்தே இருந்ததாம். காலையிலிருந்தே. வேர் தடுக்கி விரல் விசையில் பட்டிருந்தால் —

அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மாமாவும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். 

நான் அந்த ஓட்டையைப் போடாமல் இருந்திருந்தால்? தோள்வலிக்குப் பயந்து அந்தாளு பெரிய துப்பாக்கியை அன்னைக்கே பெட்டிக்குள்ள வெச்சிருப்பாரு. சின்னதுல, சுடப்போற நேரத்துலதான் தோட்டா போடுவாங்க. யார் சொன்னா என்னை அவ்வளவு அழகா ஓட்டை போடச் சொல்லி? சே.

ஸ்டாவ்ரோ ஐயாவிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியும்டா. குண்டு போட்ட ஓட்டை அப்படியா உள்ளுக்கு மடிஞ்சிருக்கும்?"

"அப்ப அவருகிட்ட சொல்லுங்க ஐயா."

"என்னன்னு? நீங்க சுட்ட ஓட்டை எங்க தட்டு கழுவற பையன் விரலால போட்டதுன்னா? அடுத்த விமானத்துல ஏறிடுவாரு. துப்பாக்கிய ஒழுங்காப் புடிங்கன்னு ஒருதரம் நாசூக்கா சொல்லிப் பாத்தேன். காகிதத்தக் காட்டுறாரு."

ஜூலை 5

வரலாற்று நாள். காலையில் மெத்தை ஐயாவுக்கு இஞ்சித் தேநீர் ஊற்றும்போது சாதாரணமாகக் கேட்டேன்: "ஐயா, அந்தக் காலத்துல பெரிய பெரிய வேட்டைக்காரங்க துப்பாக்கியத் தாங்களே தூக்க மாட்டாங்களாமே? பின்னால ஒருத்தன் தூக்கிட்டு வருவானாம், கைய நீட்டினா குடுப்பானாம். தானே தூக்குறது குமாஸ்தாக்கள்தானாமே?"

ரொட்டி பாதி வழியில் நின்றது. "குமாஸ்தா?"

"நம்ம ஊர்ல அப்படிப் பேசிக்கிறாங்க ஐயா. நான் நம்பலை."

ஜாம் தீர்வதற்குள் நான் துப்பாக்கி தூக்கியாக நியமிக்கப்பட்டேன். நிபந்தனைகளை ஸ்டாவ்ரோ ஐயா சொன்னார்: துப்பாக்கி மடக்கித் திறந்தபடியே இருக்கும், தோட்டா இரண்டும் என் சட்டைப் பையில், நான் எல்லோருக்கும் பின்னால். சொல்லும்போது மீசைக்குள் சிரித்தார். ஆகா, ஃபரஜி! இந்த மூளையைக் கொண்டு தட்டு கழுவுவது நாட்டுக்கு நஷ்டம்.

ஜூலை 6

துப்பாக்கி ஒரு வளர்ந்த ஆடு கனம். என் தோள் கழன்றுவிட்டது. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வெறுங்கையோடு ஒரு மெத்தைக்காரர். உலகம் அழகாக இருக்கிறது.

ஜூலை 7

வகுப்பில் இந்தப் பக்கத்தை எழுந்து நின்று கேட்கவும். உயரப் புல்லுக்குள்ளிருந்து கிழட்டுக் காட்டெருமை ஒன்று புயல் போலப் புறப்பட்டு வந்தது. எல்லோரும் நடுங்க, நான் பாறை போல் நின்றேன். அதன் கண்ணை நான் பார்த்தேன், என் கண்ணை அது பார்த்தது. அதன் நடை தளர்ந்தது. அந்தச் சமயம் பார்த்து ஸ்டாவ்ரோ ஐயா சுட்டார். மீதி நேரில். கை வலிக்கிறது.

ஜூலை 8

மெத்தை ஐயா ஊருக்குப் போய்விட்டார், மாவீரனாக. எருமை வந்தபோது அவர் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் கையை நீட்டினாராம். கையில் எதுவும் வரவில்லை. நீட்டிய கையோடு அப்படியே நின்றிருக்கிறார், பஸ் நிறுத்துகிறவர் மாதிரி. எருமை அப்பாவைக் கடந்து வந்து மெத்தை ஐயாவின் காலடிக்குச் சற்று முன்னால் விழுந்தது. தான் வெறுங்கையால் எருமையை நிறுத்தியதாக நம்பிக்கொண்டு போகிறார். யாரும் மறுக்கவில்லை. வழக்கமில்லை.

விமானத்தில் ஏறும்முன் என்னைக் கட்டிக்கொண்டார். "நீ தரவில்லை துப்பாக்கி. நீ அறிந்தாய், எனக்குத் தேவை இல்லை."

"நீ எங்கடா நின்ன அப்போ?" என்று அதுமானி மாமா கேட்டார்.

"மிக உயர்ந்த நிலையில் இருந்தேன் மாமா."

ஜூலை 10

இந்தப் பக்கம் வகுப்பில் வாசிக்கப்பட மாட்டாது.

எருமையை நான் பார்க்கவே இல்லை. புல் அசைந்தது. ஒரு உறுமல் கேட்டது. எனக்கு அடுத்து நினைவு வந்தபோது துப்பாக்கி தரையில் யானைச் சாணத்தில் கிடந்தது, நான் மரத்தில் இருந்தேன், தோட்டாக்கள் என் சட்டைப் பையில் இருந்தன. நடுவில் என்ன நடந்தது என்று அந்த மரத்தைத்தான் கேட்க வேண்டும்.

மேலேயிருந்து எல்லாம் தெரிந்தது. மெத்தை ஐயாவுக்கும் எருமைக்கும் நடுவில், நேர்கோட்டில், அப்பா. அந்த நீட்டிய கைக்குத் துப்பாக்கி போயிருந்தால் — அந்தாளு கண்ண மூடிட்டுத்தானே சுடுவாரு. அந்தக் கைக்கு அது போகாமல் காத்தவன் நான்தான். ஆனால் அப்பாவை நினைத்தா காத்தேன்? இல்லை. அந்த நேரம் நான் நினைத்தது ஒன்றுதான்: இதைவிட உயரமான மரம் கிடைத்திருக்கலாம்.

எல்லாம் முடிந்தபின் அப்பா மரத்தடிக்கு வந்தார்.

"இறங்குடா."

"கை விடமாட்டேங்குதுப்பா."

"இந்த லட்சணத்துல ஏன்டா துப்பாக்கி தூக்குறேன்னு நின்ன?"

"உங்க முதுகுக்குத்தான்பா! அந்தாளு பின்னாடியே நீட்டிட்டு வந்தாரு... பூட்டு வேற தொறந்து... அந்த ஓட்டை நான் விரலால போட்டதுப்பா, குண்டு இல்ல..."

அழுதேன். எழுதியாகிவிட்டது.  அப்பா திரும்பி எருமையைப் பார்த்தார். பிறகு ஏறி வந்து, கிளையிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

இன்று காலை ஸ்டாவ்ரோ ஐயா தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா போய் எதிரில் நின்றார். "இனிமே யார் வந்தாலும் சரி, துப்பாக்கிய மடக்கித் தொறந்து வெச்சுதான் நடக்கணும். சுடற எடத்துல தோட்டா போட்டுக்கட்டும். இல்லேன்னா தடம் பாக்க வேற ஆளப் பாத்துக்குங்க."

ஸ்டாவ்ரோ ஐயா கோப்பையைக் கீழே வைத்தார். "சரி செலெமானி" என்றார். அவ்வளவுதான். வேறெதுவும் நடக்கவில்லை. இத்தனை வருஷமும் இது இவ்வளவு சுலபமாகவா இருந்தது?

கடைசியாக ஒரு தகவல். நான் ஏறியது முள்மரம். அது இறங்கும்போதுதான் தெரிந்தது. அதுமானி மாமாவின் மீன்முள் இடுக்கியால் அப்பா இன்னும் முள் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். சுற்றி நின்று முகாமே ஆலோசனை சொல்கிறது. ஆகவே நான் பாறை போல் நின்றேன் என்று எழுதியது முழுப் பொய்யல்ல. மூன்று நாளாக நின்றுகொண்டுதான் இருக்கிறேன். இதை எழுதுவதும் நின்றபடிதான்.