பின்னுக்குத் தள்ளிய தேதி

அப்பா,

சாதம் குக்கரில் இருக்கிறது, ரசத்தைச் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் காலேஜுக்கு விண்ணப்பிக்கிற இணையப் பக்கம் ஒரு வாரமாக, பாதுகாப்பான இணைப்பு இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்ததே! “லைன் கோளாறா இருக்கும், பைய பாரு” என்றீர்கள். இன்று ரிப்பேர்கடை பர்னபாஸ் அண்ணாச்சியைக் கேட்டேன். “கம்ப்யூட்டர்ல தேதியப் பாத்தியளா?” என்றார். போன வருஷத் தேதியைக் காட்டியது. ஜாதகப் பொருத்தம் பார்க்கிற சாஃப்ட்வேரின் இலவசக் கெடு முடியாமலிருக்க நீங்கள்தானே பின்னுக்குத் தள்ளினீர்கள்? அந்தப் பக்கம் அசல்தான் என்று காட்டுகிற சான்றிதழ் இந்த வருஷம் கொடுத்தது. போன வருஷத்தில் நிற்கிற மிஷின் அதை எப்படி நம்பும்? தேதியைத் திருத்தியதும் திறந்துவிட்டது. விண்ணப்பிக்கிற கெடு நேற்றோடு முடிந்தது என்று போட்டிருந்தது.

குறுக்குத்துறை ஆற்றுப்படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிண்டியாயிற்று.

ப்ரீதா

பி.கு.: வேண்டுமானால் தேதியைப் பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள். எனக்கு இனி அதில் பார்க்க ஒன்றுமில்லை.