ஒற்றை வாசல் வீடு

நாள் 61, காலை 08:10
காற்றழுத்தம் சரி. தண்ணீர் 940 லிட்டர். உணவு இருவருக்கு நான்கு மாதம். எழுதுவது வீட்டுப் பொறியாளர் எழினி சற்குணம். விமானி கிளாட்வின் மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஏவுகலத்தில் இருக்கிறான். நாளை மறுநாள் 16:00க்குச் செவ்வாயை விட்டுக் கிளம்புகிறோம். தவறினால் அடுத்த வாய்ப்பு இருபத்தாறு மாதம் கழித்து. அதுவரை சோறு தாங்காது.

முகம் கழுவும் இடத்தில் ஒரு பழைய படம் ஒட்டியிருக்கிறேன். நிலவுக்கே யாரும் போகாத காலத்தில் செவ்வாய்ப் பயணத்துக்காக யாரோ வரைந்தது. மூன்று மெலிந்த கால்களில் வெள்ளை உருண்டை வீடு, முகப்பில் ஒரே வட்டக் கதவு. எங்கள் வீடும் அச்சு அசல் அதேதான். "பின்னாடி இன்னொரு கதவு வைம்மா" என்றார் திட்டத் தலைவர். பூசணிக்காய்க்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும் என்று வாயடித்து நான்தான் அவரை மடக்கினேன்.

நாள் 61, 11:42
தரை உள்வாங்கி முன்கால் முறிந்தது. வீடு குப்புற விழுந்தது. கதவு மண்ணுக்குள். வெளிக்கதவு நெளிந்து வாசலறையின் காற்று போய்விட்டது, என் விண்ணுடையும் அங்கேதான். வெளியிலிருந்து யாராவது அதை நிமிர்த்தி அடைத்தால்தான் என் பக்கத்துக் கதவு திறக்கும். சுவரை அறுத்தால் இருக்கிற காற்றும் போகும். பூமியோடு தொடர்பு அறுந்தது. கிளாட்வினோடு மட்டும் பேச முடிகிறது.

அழகு சோறு போடுமா? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

நாள் 62, 10:15
கிளாட்வின் வந்து வீட்டுக்கடியில் குடைகிறான். தூத்துக்குடிக்காரன், வாய் ஓயாது.

"யக்கா, ஒளிஞ்சு வெளையாடுத வயசா ஒங்களுக்கு? சும்மா படுத்துக் கெடங்க. தோண்டி எடுத்துட்டுத்தான் போவேன்."

சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

நாள் 63, 09:30
அவன் குடையக் குடைய வீடு இறங்குகிறது. நேற்றிலிருந்து பதினெட்டு சென்டிமீட்டர். கதவை எட்ட இன்னும் ஒரு முழு நாள் வேண்டும். அதற்குள் வீடு அவன்மேல் உட்கார்ந்துவிடும். மூன்று முறை கணக்குப் போட்டேன், மாறவில்லை. போய்த் தொலையடா என்று திட்டினேன். கெஞ்சினேன்.

"நீங்க மூச்சு விடுத வரைக்கும் நான் எங்கயும் போவ மாட்டேன்க்கா. வேற பேச்சு பேசுங்க."

13:05
"சுவர் விரிசல் விட்டிருச்சுடா, காத்து போகுது!" என்று அலறி, பாதியில் நிறுத்தினேன். பொய். விரிசலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டேன்.

13:40
சுவரைத் தட்டுகிறான்.

"யக்கா! ஒரே ஒரு வார்த்த. ஏசவாது செய்யுங்கக்கா."

வாயில் துண்டை அடைத்துக்கொண்டு கிடக்கிறேன். பயமாக இருக்கிறது. போகாதே, போகாதே என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

14:20
எனக்காக ஜெபம் சொன்னான். நடுவில் இரண்டு முறை குரல் உடைந்தது. பிறகு காலடி அதிர்வு தேய்ந்துகொண்டே போயிற்று.

16:00
தரை அதிர்ந்தது. கிளம்பிவிட்டான். நல்லபடியா ஊர் போய்ச் சேருடா தம்பி.

நாள் 304
உணவு தீர்ந்து ஆறு நாள். எழுத்து கோணுகிறது, மன்னிக்கவும்.

இந்த நோட்டைக் கண்டெடுக்கிறவர்களே, நீங்கள் யாராக இருந்தாலும் ஓர் உதவி. 63ஆம் நாள் 13:05 வரைக்கும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கிழித்துப் போடுங்கள். சமையல் மூலையில் காலி டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறேன். அவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அவன் பார்த்தால் எண்ணுவான். எண்ணினால் எத்தனை நாள் என்று

கிளாட்வின் உங்களோடு வந்திருந்தால் அவனை முதலில் உள்ளே விடாதீர்கள்.