நடுப் பெட்டியில் இருந்த குறி

ஆணியில் தொங்கிய உன் கேபிளைப் போன ஞாயிற்றுக்கிழமை கையில் எடுத்தேன். ஒரு முனை கம்ப்யூட்டரில் செருகுவது, மறுமுனையில் நாலு நிற வயர். இது உன் கைக்கு வந்தது எந்த வருஷம் என்று டீச்சர் கேட்டார். கொரோனாவில் முடங்கிய மெயின்லேண்ட் கப்பல்கள் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கிய வருஷம். கடலுக்கடியில் வயர் வந்துவிட்டது, இனி இன்டர்நெட் பறக்கும் என்று ஜங்லிகாட்டில் டீக்கடைக்கு டீக்கடை பேச்சாக இருந்த வருஷம். என் வீட்டுக்காரி போய் ஒரு மழை கழிந்திருந்தது. என் கணக்கு இப்படித்தான் ஓடும். எழுத்து எனக்குக் கிடையாது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதுகிறார்.

அதே டீச்சர்தான். பாம்பூஃபிளாட்டில் வீடு, போர்ட் பிளேரில் பள்ளிக்கூடம், சிறு வயதிலேயே போலியோ வந்த கால்கள். பின்னால் இரண்டு பக்கமும் துணைச்சக்கரம் வைத்த மின்சார ஸ்கூட்டரில் ஜெட்டிக்கு வந்து, வண்டியோடு ஃபெரியில் ஏறி, சாத்தமில் இறங்கிப் பாலம் தாண்டிப் போவார். அந்த வருஷம் அவர் வண்டிக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. ஃபெரியின் சரிவுப் பலகையில் ஏறும்போது பாதியில் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் ஓடும், அடுத்த நாள் மறுபடி நிற்கும். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். ஒரு நாள் ஜெட்டிக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: "மேடம், இன்னொரு தடவை ராம்ப்ல நின்னா காடி ஏத்த மாட்டோம். நீங்க மட்டும் வாங்க." வண்டி இல்லாமல் அவர் எப்படி வர முடியும்? பள்ளியில் அவருக்கு ஒப்பந்த வேலை, வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

வண்டி செய்தவர்களுக்குப் போன் போட்டால், கன்ட்ரோலரைக் கழற்றிக் கப்பலில் அனுப்புங்கள், புதுப் புரோகிராம் ஏற்றித் திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள். கன்ட்ரோலர் என்பது மோட்டாருக்கு எப்போது எவ்வளவு கரன்ட் விடுவது என்று தீர்மானிக்கிற பெட்டி. கப்பலில் போய் வர இரண்டு மாதம். நீ போனை டீச்சர் கையிலிருந்து வாங்கினாய்.

"தம்பி, நான் கப்பல்ல முப்பது வருஷம் வயர்லெஸ் பார்த்தவன். பெட்டி வராது. புரோகிராமை மெயில்ல அனுப்பும், ஏத்திக்கிடுதேன்."

அந்தத் தம்பி ஒரு வாரம் மழுப்பினான். நீ தினமும் காலையில் கூப்பிட்டாய். கடைசியில் உன் தொல்லை தாங்காமல் அனுப்பினான். எந்த வயரை எங்கே மாட்டுவது என்றும் போனிலேயே சொன்னான். கறுப்பு, பச்சை, வெள்ளை மாட்ட வேண்டும். சிவப்பை மட்டும் தொடக் கூடாது, தொட்டால் பெட்டி போய்விடும். சிவப்பின் முனையில் நீ அன்று சுற்றிய டேப் இன்னும் அப்படியே இருக்கிறது.

வங்காளி பிஸ்வாஸ் தாதாவின் பங்சர் கடையில்தான் வேலையை வைத்துக்கொண்டோம். காலை வெயில் தகரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பின் சக்கரம் தரையில் படக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தவனுக்கு அது ரத்தத்தில் ஊறினது. மரத்தை வாளில் முட்டவைத்துக்கொண்டு எவனும் மிஷினைப் போட மாட்டான். படாக் மரக்கட்டை ஒன்றை உள்ளே தள்ளி வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். தாதா பீடியைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். "தோ புட்டா மில்கே கம்ப்யூட்டர் சலாயேகா! டீச்சர்ஜி, பகவான்கோ யாத் கரோ." இரண்டு கிழடுகள் கம்ப்யூட்டர் ஓட்டப் போகின்றன, கடவுளை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். நீ கண்டுகொள்ளவில்லை.

புதுப் புரோகிராம் ஏறினால் பழைய அளவுகள் அழிந்துபோகும். அதனால் முதலில் பெட்டியில் இருப்பதை வாசித்து வைக்க வேண்டும். டீச்சர் போனை எடுத்து, "மாமா, ஸ்கிரீனை ஒரு போட்டோ எடுத்துக்கட்டா?" என்று கேட்டார்.

"எதுக்கு? இந்தக் கைநாட்டு இருக்கும்போது போட்டோ எதுக்கு?" என்று என்னைக் காட்டினாய்.

அது உன் கர்வம். எனக்கும் அதில் பங்கு உண்டு, உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். மில்லில் மழை நாளில் தாள் நனைந்து கூழாகிவிடும் என்று, அளக்கிறவன் கத்துகிற எண்களை மனதிலேயே ஏந்திக்கொண்டு ஆபீஸுக்குப் போய் ஒப்பித்தவன் நான். நாற்பது மரம் வரைக்கும் பிசகாது. நீயோ, கேட்டவன் திருப்பிச் சொன்னால்தான் சேதி போய்ச் சேர்ந்ததாக அர்த்தம் என்று வளர்ந்தவன். நம் இருவருக்கும் இது வாகாகப் பொருந்தியது. "சத்தமா சொல்லுதேன், சத்தமா திருப்பிச் சொல்லு," என்றாய். பதினோரு எண். நாற்பத்திரண்டு, முப்பது, இருபத்துமூன்று, நூற்றிருபது என்று போகும். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன்.

பிறகு ஏற்ற ஆரம்பித்தாய். திரையில் பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது. பாதியில் கேபிள் அசைந்தால் பெட்டி செத்துப்போகும் என்றதால் யாரும் காலைக்கூட நகர்த்தவில்லை. தாதா பீடியைக் காதிலேயே மறந்துவிட்டார். கோடு முடிந்ததும் நான் பதினோரு எண்ணையும் ஒப்பித்தேன், நீ அடித்தாய். டீச்சரே கையை நீட்டி ஆக்சிலேட்டரைத் திருகினார்.

சக்கரம் சுற்றியது. பின்பக்கமாக.

"ஏ தோ உல்டா ஜா ரஹா ஹை!" இது தலைகீழாகப் போகிறதே என்று தாதா தொடையில் தட்டிச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. சரிவுப் பலகையில் இப்படிச் சுற்றினால் பின்னால் இருப்பது லாரி, பக்கத்தில் கடல். அவர் கை ஆக்சிலேட்டரிலிருந்து மெல்ல இறங்கி மடியில் விழுந்ததை நான் பார்த்தேன்.

நீ என் பக்கம் திரும்பினாய். "ஏலே, ஏதோ ஒரு நம்பரை மாத்திச் சொல்லிட்ட."

"நானா? மறுபடி சொல்லவா?"

"சொல்லு."

சொன்னேன். அதே பதினொன்று. நீ சரிபார்த்தாய், எல்லாம் அப்படியே இருந்தது. ஆனாலும் நீ விடவில்லை. "வயசாயிட்டுலே ஒனக்கு. மரத்துக் கணக்கு வேற, இது வேற."

அத்தனை வருஷப் பழக்கத்தில் உன்மேல் எனக்கு அப்படிக் கோபம் வந்ததே இல்லை. எழுந்து போயிருப்பேன். டீச்சர் மடியில் கிடந்த கைதான் என்னை உட்காரவைத்தது. கண்ணை மூடினேன். எண்களை விட்டுவிட்டு, நீ வாசித்தபோது திரை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். நீ அதை வாசித்தாய். எனக்கு அது ஒரு படம். மேலே நீலப் பட்டை. நடுவில் வரிவரியாக எறும்பு. கீழே வலது மூலையில் மூன்று குட்டிப் பெட்டிகள். நடுப் பெட்டிக்குள், வெட்டிய மரத்தின் முனையில் சுத்தியலால் அடிக்கிற முத்திரை மாதிரி ஒரு சின்னக் குறி.

கண்ணைத் திறந்தேன். திரையில் மூன்று பெட்டியும் காலி.

"நடுப் பெட்டியில ஒரு குறி இருந்துச்சு. அதை நீ வாசிக்கல."

நீ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு திரைக்குள்ளேயே விழுகிற மாதிரி குனிந்தாய். டீச்சரும் எட்டிப் பார்த்து, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த இங்கிலீஷை வாசித்தார். "சுத்துற திசையை மாத்தவான்னு கேக்குது மாமா." நீ குறியைப் போட்டாய், மறுபடி பெட்டிக்கு அனுப்பினாய். இந்தத் தடவை சக்கரம் முன்பக்கமாகச் சுற்றியது.

"குறிக்குச் சத்தம் இல்லையேலே," என்றாய். உன்னிடமிருந்து மன்னிப்பாக நான் வாங்கியது அந்த ஒரு வரிதான். போதும்.

மறுநாள் காலை நாம் இரண்டு பேரும் முதல் ஃபெரியில் பாம்பூஃபிளாட்டுக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? டீச்சருக்கு நாம் வந்தது தெரியாது. லாரிகளுக்கு நடுவே அவர் வண்டி வந்தது. சரிவில் ஏறியது, நிற்கவில்லை. ஜெட்டிக்காரர் கை காட்டி உள்ளே அனுப்பினார். நீ மூச்சை விட்டு, கடலைப் பார்த்து, "ரிசீவ்டு" என்றாய். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தச் சொல் தெரியும்.

பிஸ்வாஸ் தாதா மறு வருஷமே போய்விட்டார். நீ இந்த மழைக்கு முந்தி. இந்த மழையில் டீச்சர் வண்டியின் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அதே ரகத்தில் புதுப் பெட்டி கப்பலில் வந்தது, உள்ளே ஒன்றுமே இல்லாமல். உன் கம்ப்யூட்டரும் உன்னோடு போன மாதிரி உயிர்விட்டுக் கிடந்தது. நீ அன்று எந்த எண்ணையும் எங்கும் எழுதி வைக்கவில்லை. டீச்சர் தன் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். புரோகிராம் மட்டும் அவர் மெயிலில் பத்திரமாக இருந்தது.

"மாமா, நம்பரெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"கட்டையை எடுத்து வை," என்றேன் பக்கத்து வீட்டுக்காரனிடம். சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கறுப்பு, பச்சை, வெள்ளை. சிவப்பு வெளியே. புரோகிராம் ஏறியதும் டீச்சர் இங்கிலீஷை வாசித்தார், நான் எண்ணைச் சொன்னேன். பதினொன்றும் முடிந்ததும் அவர் நிமிர்ந்தார். "நடுப் பெட்டி," என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். சக்கரம் முதல் தடவையிலேயே முன்பக்கமாகச் சுற்றியது. திங்கட்கிழமை வழக்கமான ஃபெரிக்கே போனார்.

ஆனால் இந்தத் தடவை உன் பேச்சைக் கேட்கவில்லை. போட்டோ எடுக்கச் சொன்னேன். தாளிலும் எழுதச் சொன்னேன், குறி உட்பட. உன் கர்வத்தை நான் காப்பாற்றவில்லை என்று கோபப்படாதே. என் தலைக்குள் அந்தத் திரை இன்னும் அணையாமல்தான் இருக்கிறது; நீலப் பட்டை, எறும்பு வரி, மூன்று பெட்டி. ஆனால் அன்று அந்தப் பங்சர் கடையில் இருந்த நாலு பேரில் இரண்டு பேர் போயாயிற்று. அடுத்தது நான்தான், வரிசை சரியாகத்தான் போகிறது. எனக்கப்புறமும் அந்தச் சரிவில் வண்டி நிற்காமல் ஏற வேண்டும்.

எனக்குப் பிறகு அதை அறிந்தவர் ஒருத்தர் இருப்பார். பேரை எழுதும்மா என்கிறேன். "என் பேரு எதுக்கு மாமா?" என்று பேனாவை வைத்துவிட்டார். எழுதச் சொல்லி, சத்தமாக வாசிக்கவும் சொல்லியிருக்கிறேன்.

சகாயமேரி.